கதைக்குச் சம்பந்தமில்லாத இருபது நிமிடம்

"காமெடி கதையோடு ஒட்டவில்லை" என்பது தமிழ்ப்பட விமர்சனத்தில் தேய்ந்துபோன வரி. எழுதுகிறவர்கள் மாறினார்கள், வரி மாறவில்லை. ஒட்டாதது உண்மைதான். அந்தப் பக்கம் நாயகி கண்ணீரும் கம்பலையுமாக நிற்பாள். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒட்டவேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் வாக்குக் கொடுக்கவில்லையே! பேசும்படம் வந்த முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்ப்பட காமெடி பெரும்பாலும் தனியாக எழுதப்பட்டது, தனிக் குழு நடித்தது, பெரிய படத்தோடு சேர்த்து விற்கப்பட்டது. அதைக் குறும்படமாகப் பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

குறும்படம் என்றால் அன்றைக்கு அமெரிக்காவில் இரண்டு ரீல். ஒரு ரீல் ஆயிரம் அடி. பேசும்படம் ஓடும் வேகத்தில் பதினொரு நிமிடம். இரண்டு ரீலுக்கு இருபது நிமிடம், கொஞ்சம் கூடக்குறைய. முழுநீளப் படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்கென்றே இப்படிப்பட்ட சிரிப்புப் படங்களைத் தயாரித்த கம்பெனிகளில் ஒன்று ஹால் ரோச்சினுடையது. அதன் பெரிய சொத்து ஸ்டான் லாரல், ஆலிவர் ஹார்டி என்ற இருவர். லாரல் இங்கிலாந்துக்காரர், ஒல்லி. ஹார்டி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தவர், பெருத்த உடம்பு. பேசாப்படத்திலேயே பேர் வாங்கிவிட்டவர்கள்.

பேசும்படம் வந்தபோது உடம்பால் சிரிக்கவைத்த பலருக்கும் உதறல் எடுத்தது. இந்த இருவரும் முதன்முதலாக வாய்திறந்த 'அன்அகஸ்டம்டு ஆஸ் வி ஆர்' என்ற இரண்டு ரீல் படம் 1929 மே 4 அன்று வெளியானது. கதை என்று சொன்னால் சின்னதுதான். ஹார்டி நண்பனை விருந்துக்கு வீட்டுக்கு அழைத்துவருகிறார். மனைவி கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். உதவ வந்த எதிர்வீட்டுக்காரியின் உடையில் தீப்பற்ற, அவளைப் பெட்டிக்குள் ஒளித்துவைக்க நேர்கிறது. அவள் புருஷனோ போலீஸ்காரர். சத்தத்தை இவர்கள் கையாண்ட விதத்தில்தான் இருக்கிறது சாமர்த்தியம். கிராமபோனில் பாட்டு ஓடுகிறது, மனைவி அந்தத் தாளத்துக்குத் தப்பாமல் திட்டித் தீர்க்கிறாள். கடைசியில் லாரல் விடைபெற்றுப் படியிறங்கப் போகிறார். அவர் உருண்டு விழுவதைக் காமிரா காட்டுவதில்லை, தடதடவென்ற சத்தம் மட்டும் வருகிறது. விழுந்து காட்டியே பிழைத்தவர்கள், விழுவதைக் காட்டாமலே சிரிப்பு வாங்கலாம் என்பதை முதல் படத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த சங்கடம் மொழி. பேசாப்படத்துக்கு நடுவில் வரும் எழுத்து அட்டையை மாற்றினால் போதும், எந்த நாட்டிலும் ஓட்டலாம். பேசும்படம் அப்படி ஓடாது. அதனால் இருவரும் ஒரே படத்தை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மறுபடி மறுபடி நடித்தார்கள். அந்த மொழிகளில் அவர்களுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. காமிராவுக்குப் பக்கத்தில் கரும்பலகை வைத்து, உச்சரிப்பை எழுதிப்போட்டு, பார்த்துப் படித்து ஒப்பேற்றினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த மொழிச் சங்கடம் வேறு உருவில் வந்தது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், எதிரே நின்றவர் தெலுங்கில் பதில் சொன்னார். யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. அதில் கோயில் அர்ச்சகராக வந்து சிரிப்பு மூட்டியவர் எல்.வி. பிரசாத், பின்னாளில் பெரிய தயாரிப்பாளர். படத்தோடு சேர்த்து ராஜலட்சுமியின் குறத்தி ஆட்டமும் பாட்டும் அடங்கிய ஒரு குறும்படமும் காட்டப்பட்டது. அதாவது தமிழ்ப் பேசும்படம் பிறந்த நாளிலேயே, டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு பெரிய படமும் அதனோடு உறவில்லாத ஒரு சின்னப் படமும் கிடைத்தன.

இந்தப் பழக்கத்தை ஹாலிவுட்டிலிருந்து கடன் வாங்கியதாகச் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி நம் மேடையிலேயே கிடந்தது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ஸ்பெஷல் நாடகத்தில் இன்னும் தெளிவு: வள்ளி திருமணமோ பவளக்கொடியோ தொடங்குவதற்கு முன்னால் பபூன் தனியாக வந்து பேசுவார், பாடுவார், பிறகு டான்ஸ்காரி வருவார், இருவரும் வம்பிழுத்துச் சண்டைபோட்டுக் காதலித்து மேடையைக் களைகட்ட வைப்பார்கள். வள்ளிக்கும் முருகனுக்கும் அதில் வேலை கிடையாது. ஆணும் பெண்ணுமாக ஒரு காமெடி ஜோடி, கதைக்கு வெளியே, தனக்கென்று அரைமணி நேரம் வைத்துக்கொள்வது என்ற ஏற்பாடு தமிழ்ப் பார்வையாளருக்கு அந்த நாளிலேயே பழகிப்போன ஒன்று.

மேடையிலிருந்து திரைக்கு அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர்களில் முதல்வர் என்.எஸ். கிருஷ்ணன். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர். வில்லுப்பாட்டில் தொடங்கி டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனிக்கு வந்தார். அந்தக் கம்பெனி வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' நாவலை நாடகமாக நடித்துக்கொண்டிருந்தது. அதே 'மேனகா' 1935-ல் படமானபோது என்.எஸ்.கே.யும் திரையில் வந்தார். இயக்கியவர் புதுக்கோட்டைக்காரரான பி.கே. ராஜா சாண்டோ, படம்பிடித்த இடம் பம்பாய் ரஞ்சித் ஸ்டுடியோ.

ரஞ்சித் ஸ்டுடியோ என்றதும் ஒரு கிளைக்கதை. இந்தியாவின் லாரல்–ஹார்டி என்று அன்றைக்குப் பேரெடுத்த ஜோடி அங்கேதான் இருந்தது. குண்டானவர் தீட்சித், ஒல்லியானவர் கோரி. மராட்டியர் ஒருவர், முஸ்லிம் ஒருவர். ஷேக்ஸ்பியரின் ஆள்மாறாட்ட நாடகத்தைத் தழுவிய 'பூல் புலையா' (1933) உள்ளிட்ட படங்களில் ஒன்றாக வந்து இந்தி பேசும் ஊர்களையெல்லாம் குலுங்கவைத்தவர்கள். தீட்சித் 1949-ல் காலமானார்; தேசம் பிரிந்த பிறகு கோரி பாகிஸ்தான் போய்விட்டார். ஹாலிவுட் ஜோடியின் நேரடி அச்சு வேண்டும் என்றால் இந்த இருவரைத்தான் காட்டவேண்டும். தமிழ் போன வழி வேறு.

அந்த வழி துலங்கியது 'வசந்தசேனா'வில். 1936-ல் வந்த இதற்கும் ராஜா சாண்டோதான் இயக்குநர். காமெடிப் பகுதியை என்.எஸ்.கே.யின் கையிலேயே விட்டுவிட்டார். படப்பிடிப்புக்காகப் புனே போன கூட்டத்தில் டி.ஏ. மதுரமும் இருந்தார், அதற்கு முந்தைய ஆண்டு 'ரத்னாவளி'யில் அறிமுகமானவர். திரையில் சேர்ந்த ஜோடி வாழ்க்கையிலும் சேர்ந்தது இந்தப் படத்தின்போதுதான். வசந்தசேனாவின் மூலக்கதையான மிருச்சகடிகம் என்ற பழைய நாடகத்துக்குக் கர்நாடகத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. பேசாப்படக் காலத்தின் கடைசியில் மோகன் பவ்னானி மைசூர் சமஸ்தானத்தில் அதைப் படமாக்கினார். நடித்தவர்களில் கமலாதேவி சட்டோபாத்யாயும் இருந்தார், டி.பி. கைலாசமும் இருந்தார். கன்னட நகைச்சுவை நாடகத்தின் பிதாமகர் என்று பெங்களூர் கொண்டாடும் கைலாசம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இதை நினைவூட்டினால் இரண்டு பக்கத்தாருமே லேசாக நெளிவார்கள்!

வசந்தசேனாவுக்குப் பிறகு என்.எஸ்.கே. செய்தது புதுத் தொழில். தனக்கென்று ஒரு குழு வைத்துக்கொண்டார்: புளிமூட்டை ராமசாமி, டி.எஸ். துரைராஜ், பின்னால் காக்கா ராதாகிருஷ்ணன் என்று ஒரு பட்டாளம். தயாரிப்பாளர் வந்து பேசி முடித்தால் காமெடிப் பகுதி முழுக்கக் குழுவின் பொறுப்பு. எழுதுவது, பாட்டுக்கு ஏற்பாடு, ஒத்திகை, நடிப்பு, காட்சியை நடத்துவது வரைக்கும் அவர்களே. படத்தின் இயக்குநர் சும்மா இருந்தால் போதும். எல்லிஸ் ஆர். டங்கன் அப்படித்தான் இருந்தார் என்றால் அது குறையாகாது. அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்து 1935-ல் இந்தியாவுக்கு வந்த அவருக்குத் தமிழ் தெரியாது. 'சதிலீலாவதி' (1936), 'அம்பிகாபதி' (1937) என்று தமிழில் வரிசையாகப் படம் எடுத்தார். கம்பன் மகனின் காதலை டங்கன் பார்த்துக்கொள்ள, அம்பிகாபதியின் சிரிப்புப் பகுதியை என்.எஸ்.கே. பார்த்துக்கொண்டார். கரும்பலகையைப் பார்த்து ஸ்பானிஷ் பேசிய லாரலுக்கும், புரியாத மொழியில் படம் எடுத்த டங்கனுக்கும் மனசுக்குள் ஓடியது ஒரே பயமாகத்தான் இருந்திருக்கும். டங்கனுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு கலைவாணர் இருந்தார். அந்தப் பட்டம் பிற்பாடு வந்தது என்றாலும் ஆள் அவர்தானே.

என்.எஸ்.கே., மதுரம் இருவரின் சிரிப்பையும் வெறும் வழுக்கி விழும் சிரிப்பாக நினைத்துவிடக் கூடாது. என்.எஸ்.கே.க்கு வில்லுப்பாட்டுப் பயிற்சி, அதனால் பேச்சும் பாட்டும் ஒன்றோடொன்று பின்னிவரும். மதுரம் அடி வாங்கும் மனைவியாக வருவதில்லை. பெரும்பாலும் இவர் அளக்க, அவர் ஒரே கேள்வியில் காற்றைப் பிடுங்கிவிடுவார். லாரல்–ஹார்டி படத்து மனைவிமார்கள் பூரிக்கட்டையோடு வருகிற பூதங்கள். மதுரம் புத்திசாலி. இந்த ஒரு விஷயத்தில் ஹாலிவுட்டைவிட நம்மவர்கள் முன்னே நின்றார்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

1939-ல் இவர்களை வைத்துச் சின்னச் சின்ன சிரிப்புக் கதைகளைக் கோத்து 'சிரிக்காதே' என்று ஒரு படமே வந்தது. ஒட்டுக்குப் பெரிய கதை இல்லாமல், ஒட்டவேண்டியதை மட்டும் தனியாக விற்றுப் பார்த்த முயற்சி. தலைப்பைப் பார்த்தே பாதிப் பேர் சிரித்திருப்பார்கள்.

அசல் அசட்டுத்தனமும் தடுக்கி விழுதலும் வேண்டும் என்பவருக்கு 1941-ல் 'சபாபதி' வந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் படமாக்கினார்கள். எஜமானன் பேரும் சபாபதி, வேலைக்காரன் பேரும் சபாபதி. எஜமானனாக வந்த டி.ஆர். ராமச்சந்திரனுக்கு முட்டைக் கண்; பள்ளிக்கூடத்தைத் தாண்ட முடியாத பணக்கார வீட்டுப் பிள்ளை. வேலைக்காரனாக வந்தவர் காளி என். ரத்னம். நாடகத்தில் காளி வேஷம் கட்டிப் பேர் வாங்கியதால் அந்த அடைமொழி. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவன் எம்.ஜி.ஆருக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்து காரியத்தைக் கெடுக்கிற வேலைக்காரன், அவனைத் திருத்தப் போய் அவனைவிடப் பெரிய அசடாகிற எஜமானன். இரண்டு முட்டாள்களில் ஒருவன் தன்னைக் கெட்டிக்காரனாக நினைத்துக்கொள்வதுதான் ஹார்டியின் ரகசியம். ராமச்சந்திரன் அதைத் தமிழில் செய்து காட்டினார். காளி ரத்னத்துக்கு ஜோடி சி.டி. ராஜகாந்தம். இங்கே காமெடிக்குக் கதை துணையாக வந்ததே தவிர, கதைக்குக் காமெடி துணையாக வரவில்லை. இன்றும் பார்த்துச் சிரிக்க முடிகிற அந்தக் காலப் படங்களில் இதற்கே முதலிடம்.

அப்புறம் யுத்தத்தின் பிடி இறுகியது. பிலிம் கப்பலில் வரவேண்டிய சரக்கு, ஆகவே தட்டுப்பாடு. படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. இருபதாயிரம் அடிக்குப் பக்கமாகப் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இது பாதி வயிற்றுச் சாப்பாடு. தனிக் குறும்படம் என்று ஒன்றைச் சேர்த்துக் காட்டும் ஊதாரித்தனத்துக்கு அதற்குமேல் வழியில்லை. காமெடி நிரந்தரமாகப் படத்துக்குள்ளேயே குடியேறியது. 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே டாக்கீஸில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' அந்த அளவுக்குள் அடக்கிய படம்தான், அதிலும் என்.எஸ்.கே., மதுரம் உண்டு.

ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அந்தப் படத்தின் நாயகன் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலை. இடைப்பட்ட காலத்தில் மதுரம் மூலையில் உட்காரவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து நாடக சபையை நடத்தினார். 'பைத்தியக்காரன்' நாடகம் அங்கே உருவாகி 1947-ல் படமாக வந்தது. வெளியே வந்த என்.எஸ்.கே.யும் அதில் நடித்தார். ஜோடியில் ஒருவர் சிறையில் இருக்க, மற்றவர் கம்பெனியையே காப்பாற்றினார் என்பதைக் கலைவாணர் புகழ் பாடும் மேடைகளில் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

இந்தப் படங்கள் எல்லை தாண்டிப் பெங்களூருக்கும் போயின. கன்னடத்தின் முதல் பேசும்படம் 'சதி சுலோசனா' 1934 மார்ச் 3 அன்று பெங்களூர் பாரமவுண்ட் கொட்டகையில் வெளியானது. இயக்கிய ஒய்.வி. ராவ்தான் மூன்று வருடம் கழித்துத் தமிழில் 'சிந்தாமணி'யை எடுத்தவர். 1934-ல் வந்த கன்னடப் படங்கள் மொத்தம் இரண்டு. ஊரில் கொட்டகைகள் வருடம் முழுக்க ஓடியாகவேண்டும். அதற்குத் தமிழும் தெலுங்கும் இந்தியும் தீனி போட்டன. கண்டோன்மென்ட் பக்கத்தில் ஆங்கிலப் படமும் ஓடியது.

இந்தத் தமிழ்ப் படங்களைப் பார்க்க ஆள் இருந்த பெங்களூர்ப் பேட்டைகளில் ஒன்று ஸ்ரீராம்புரம். அது இருந்தது கண்டோன்மென்ட் பக்கமில்லை, மைசூர் மகாராஜாவின் சிட்டி பக்கம். மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் நடுவில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி, ஒக்கலிபுரத்துக்கு அண்டைவீடாக வளர்ந்த பேட்டை. இன்று மெட்ரோவில் சம்பிகே ரோடு நிலையத்துக்கு அடுத்தது. சம்பிகே ரோட்டில் எழும்பி நிற்கும் பெரிய மால் இருக்கும் இடத்தில் முன்பு ராஜா மில் இருந்தது. 1880-களில் தொடங்கிய பஞ்சாலை. பின்னி மில், மினர்வா மில் என்று நகரத்தின் ஆலைகளில் தமிழ்த் தொழிலாளர்கள் கணிசமாக இருந்தார்கள். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் வீட்டில் தமிழும் கடையில் கன்னடமும் பேசுகிறார்கள். கூத்தும் பபூனும் அவர்களுடைய தாத்தாக்கள் ஊரிலேயே பார்த்துவிட்டு வந்த சரக்கு.

இந்த இருமொழிப் பார்வையாளருக்கு ஒரு கூடுதல் வசதி இருந்தது. 'சதாரம்' நாடகத்தில் வரும் திருடனை எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் குப்பி வீரண்ணா அந்தத் திருடனாகவே ஊரெல்லாம் பேர் வாங்கினார். 1935-ல் 'சதாரமே' படத்திலும் அவரே திருடன். அதே ஆண்டில் அதே கதை தமிழில் கே. சுப்ரமணியத்தின் 'நவீன சதாரம்' ஆனது. பிற்பாடு கன்னடத்துக்கும் ஓர் அசல் ஜோடி வாய்த்தது: நரசிம்மராஜுவும் பாலகிருஷ்ணாவும். நரசிம்மராஜு பென்சில் உடம்பு. ராஜ்குமார் நாயகனாக அறிமுகமான 'பேடர கண்ணப்பா'வில் (1954) தொடங்கி வரிசையாகப் படங்களில் இருந்தார். பாலகிருஷ்ணாவுக்குக் காது சரியாகக் கேட்காது. பேசும்படத்தில் எதிராளியின் வசனம் முடிகிற கணத்தில் பதில் சொன்னால்தான் சிரிப்பு. அவர் உதட்டைப் பார்த்தும் உடம்பசைவைப் பார்த்தும் அந்தக் கணத்தைத் தவறவிடாமல் பிடித்தார். சத்தம் வந்ததால் உடம்பின் வேலை குறைந்துவிட்டது என்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

தமிழில் அந்தத் தனிக் குழு முறை அறுந்துபோகாமல் வந்தது. 'கல்யாண பரிசு'வில் (1959) தங்கவேலுவும் எம். சரோஜாவும் புளுகுக்கும் பிடிபடுதலுக்கும் நடுவில் ஆடிய ஆட்டம் அந்த வழிதான். கவுண்டமணி, செந்தில் காலத்தில் ஏ. வீரப்பன் போன்றவர்கள் காமெடி டிராக்கை மட்டும் எழுதித் தரும் எழுத்தாளர்களாகவே இருந்தார்கள். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியைக் கத்தரித்துத் தனியாக ஓட்டினாலும் ஒரு குறையும் வராது. படத்தின் நாயகன் ராமராஜன் யார் என்றே தெரியாத சின்னப்பிள்ளை இன்று அதைக் கைபேசியில் பார்த்துச் சிரிக்கிறது. கதையோடு ஒட்டாததால்தான் அது கதை மறந்த பிறகும் பிழைத்துக்கிடக்கிறது.

பிழைக்காதவற்றின் பட்டியல் நீளம். காளிதாஸ், மேனகா, சதிலீலாவதி ஆகிய மூன்றின் பிரதியும் இன்று கிடைப்பதில்லை. லாரல்–ஹார்டியின் முதல் பேசும்படத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான் நேர்ந்தது: படம் மட்டும் மிஞ்சி, அதன் ஒலியைத் தாங்கிய இசைத்தட்டுகள் தொலைந்துபோய், பேசும்படம் பல வருடம் ஊமைப்படமாகவே ஓடியது. 1970-களின் கடைசியில் தட்டுகள் அகப்பட்டன. இருவரும் மறுபடி பேசினார்கள். நமக்கு அந்த அதிர்ஷ்டம் முழுதாக இல்லாவிட்டாலும் பாதியாவது கிடைக்கலாம். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் காமெடிப் பாட்டுகளும் அச்சாகியிருக்கும். பழைய கிராமபோன் தட்டுகளில் குரல்களும் இருக்கும்.

ஸ்ரீராம்புரத்திலோ ஒக்கலிபுரத்திலோ, தாத்தா மில் வேலைக்குப் போன காலத்து டிரங்குப் பெட்டி யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். 1930, 40-களின் பாட்டுப் புத்தகமோ நாடக நோட்டீஸோ இசைத்தட்டோ இருந்தால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு கடிதம் போடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.